பெயரில்லாத கட்டுரைக்கு எண் 2710

அத்தியாயம் 7

"மேடம், அந்த ரொட்டி உங்களுக்கு ஒரு துரோகமும் பண்ணலையே. எதுக்கு இப்படிக் குத்திக் குத்திக் கொல்றீங்க?"

கேட்டவர் கெர்பென். துப்பறியும் ரென்ஸ்கேயின் உதவியாளர். அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர், இருபத்தாறு வருஷம் தபால் பையோடு சைக்கிள் மிதித்தவர். வாய் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

ரென்ஸ்கே முள்கரண்டியைக் கீழே வைத்தாள். மணி பன்னிரண்டு நாற்பது. ஹார்லிங்கன் கடலோர ஆய்வகத்தின் சாப்பாட்டு அறையில் நீள மேஜையைச் சுற்றி எல்லோரும் ரொட்டியும் சீஸும் மோருமாக உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோர மேஜையில் மட்டும் ஒருவர் தனியாக இருந்தார். இதழ்ச் செயலாளர் சீட்சே. அறுபத்தொரு வயதில் அவரை அந்த மேஜையில் தனியே உட்கார வைத்தது ரென்ஸ்கேயின் அறிக்கைதான்.

விஷயம் இதுதான். அக்டோபர் நடுவில் ஆய்வகத்தின் இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஊருக்கு வடக்கே ஆயிரத்து நூறு மீட்டர் தூரத்துக்குக் கடல் அணையில் புல்லுக்குக் கீழே களிமண் போதாது என்று அது சொன்னது. அந்த அணை கெட்டி என்று கையெழுத்துப் போட்டிருந்தவர் ஆய்வகத்தின் இயக்குநர் எவர்ட். அதனால் எழுதியவர் பெயர் போடாமல், இதழ் விதிப்படி ரகசியமாக வைத்திருந்தார்கள். இரண்டு வாரம் கழித்து எவர்ட், யிக்கே என்ற ஆய்வாளரைக் கூப்பிட்டு, "நீதான்னு தெரியும். டிசம்பரோட உன் ஒப்பந்தம் முடியுது" என்று சொல்லிவிட்டார். எப்படித் தெரிந்தது என்று ஆய்வகத்தின் நிர்வாக வாரியம் கேட்டது. அவர் வாயைத் திறக்கவில்லை. பெயரைக் கசிய விட்டது யார் என்று கண்டுபிடிக்க ரென்ஸ்கேயை அமர்த்தினார்கள்.

மூன்று நாள் விசாரித்துவிட்டு நேற்று அவள் எழுதிக் கொடுத்தாள்: பெயரை அறிந்தவர் சீட்சே ஒருவரே. அது உண்மை. ஆனால் அந்த ஒரு வரியை வைத்து, இன்று மூன்று மணிக்கு ராஜினாமாவில் கையெழுத்துப் போட வேண்டும் என்று வாரியம் அவருக்குக் கடிதம் நீட்டிவிட்டது. நேற்று ராத்திரி முழுக்க அந்த வரி அவளைத் தூங்கவிடவில்லை.

சீட்சே தட்டை எடுத்துக்கொண்டு அவர்களைக் கடந்து போனார். போனவர் நின்றார். கோட்டுப் பையிலிருந்து ஒரு பெப்பர்மின்ட் எடுத்து ரென்ஸ்கே முன்னால் வைத்தார்.

"நீங்க உங்க வேலையைத்தான் பாத்தீங்க. எனக்கு உங்க மேல வருத்தம் இல்லம்மா."

"சார், நான்..."

"நான் சொல்லலை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அவர் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது ரென்ஸ்கேக்கு.

"மனுஷன் பொய் சொல்றவர் இல்ல, மேடம்," என்றார் கெர்பென். "பொய் சொல்றவன் பெப்பர்மின்ட் தர மாட்டான். தந்தாலும் பாதி நக்கினதா இருக்கும்."

"கிளம்புங்க."

"எங்க?"

"யிக்கே வீட்டுக்கு. யார் சொன்னாங்கன்னே இத்தனை நாளும் கேட்டுட்டு இருந்தேன். எப்போ தெரிஞ்சுதுன்னு ஒரு தடவைகூடக் கேக்கலை."

எதிர்க்காற்றில் சைக்கிள் நகர மாட்டேன் என்றது. கெர்பென் தன் பையிலிருந்த கட்டுரைப் பிரதியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் கணினி தானாகப் போட்ட அதன் நிரந்தர எண் அச்சாகியிருந்தது. கட்டுரை எந்தக் கணினிக்குக் குடிபோனாலும் அந்த எண்ணைத் தட்டினால் வந்து நிற்கும். ஒரு தடவை கொடுத்துவிட்டால் யாரும் மாற்ற முடியாது.

"2710, அப்புறம் ஒரு கோடு, அப்புறம் மூணு. இது என்ன எண், மேடம்?"

"வரிசை எண்ணா இருக்கும்."

"வரிசையா? இங்க இருக்கறது பதினாலு பேர். அலமாரியில நான் எண்ணிப் பாத்தேன், இதுவரைக்கும் போட்டதே முந்நூத்திப் பதினொரு கட்டுரை. இது எப்படி இரண்டாயிரத்து எழுநூத்திப் பத்தாவதா ஆகும்? எண்ணு தெரியாதவன் எவனோ போட்டிருக்கான்."

"கெர்பென், மூச்சை மிதிக்கறதுக்கு வச்சுக்கோங்க."

பின்னால் அதை நினைத்து நினைத்து வருந்தினாள். அந்தக் கணமே அவர் சொன்னதைக் காதில் வாங்கியிருக்க வேண்டும்.

யிக்கே துறைமுகத்தருகே ஒரு மாடி வீட்டில் குடியிருந்தாள். முப்பத்து நாலு வயது. நெட்டை. கதவைத் திறந்தவள் உள்ளே கூப்பிடவில்லை.

"மறுபடியும் என்ன? சீட்சே மாமாவைப் பலி கொடுத்தாச்சே, போதாதா?"

"அவர் இல்லைன்னு நினைக்கறேன்," என்றாள் ரென்ஸ்கே.

"நேத்து எழுதறதுக்கு முன்னாடி நினைச்சிருக்கலாம்."

ரென்ஸ்கே வாசற்படியை விட்டு நகரவில்லை. "ஒரே ஒரு கேள்வி. எவர்ட்டுக்குத் தெரிஞ்சுடுச்சுன்னு உங்களுக்கு முதல்ல எப்போ பட்டுது? அவர் கூப்பிட்டுச் சொன்னதுக்கு முன்னாடி?"

யிக்கே கொஞ்சம் யோசித்தாள். பிறகு கதவை விட்டு நகர்ந்து வழிவிட்டாள்.

"என் பிறந்தநாள் அன்னிக்கு. காலையில எட்டே முக்காலுக்கு அந்த ஆளே எனக்குக் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. என் சைக்கிள் மணியைக் கேலி பண்ணாரு. பத்தரைக்குக் காபி. நான் கேக் கொண்டுபோயிருந்தேன், மேல ரோஸ் கலர் சர்க்கரை ஊத்தினது. எல்லாரும் சுத்தி உக்காந்தோம். அவர் வந்து வழக்கப்படி சுத்தி இருந்த ஒவ்வொருத்தருக்கா கை கொடுத்து, யிக்கேயோட பிறந்தநாளுக்கு வாழ்த்துக்கள்னு சொன்னாரு. வரவேற்புல இருக்கற ஃபென்னாவுக்குச் சொன்னாரு, சீட்சே மாமாவுக்குச் சொன்னாரு, மீட்டர் பாக்க வந்த ஆளுக்குக்கூடச் சொன்னாரு."

"உங்களுக்கு?"

"என்னைத் தாண்டிப் போய்க் கேக்கை எடுத்துக்கிட்டாரு."

கெர்பென் விசிலடித்தார். "பிறந்தநாள்காரியை விட்டுட்டு மீட்டர் ஆளுக்கு வாழ்த்தா? எங்க ஊர்ல பொண்டாட்டியை விட்டுப் போறவன்கூட அன்னிக்குக் கை கொடுத்துட்டுத்தான் போவான்."

"அப்போ எட்டே முக்காலுக்கு அவருக்குத் தெரியாது," என்றாள் ரென்ஸ்கே. "பத்தரைக்குத் தெரியும். நடுவுல ஒண்ணே முக்கால் மணி நேரம்."

யிக்கே வாசல்வரை வந்தாள். "எனக்கு வேலை போறது போகட்டும். அந்த மனுஷன் என் பேரைத் தலையணைக்குக்கூடச் சொல்லியிருக்க மாட்டாரு. அவரைக் காப்பாத்துங்க."

மணி ஒன்று நாற்பது.

ஆய்வகத்தின் மாடியில் வரவேற்பு மேஜை ஃபென்னாவுடையது. இயக்குநரின் அறைக்கு நேர் எதிரே. வருகிறவர், போகிறவர், தொலைபேசி எல்லாம் அவள் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவள் குறிப்பேட்டைப் புரட்டி, யிக்கேயின் பிறந்தநாள் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"அன்னிக்குக் காலையில ஒருத்தரும் வரலை. போனும் வரலை. எவர்ட் சார் உள்ள உக்காந்து அந்தக் கட்டுரையைத்தான் படிச்சுக்கிட்டு இருந்தாரு. பத்தாவது தடவையா இருக்கும். பென்சிலால கோடு போடறது இங்க கேக்கும்."

"சீட்சே உள்ள போனாரா?"

"அவர் அன்னிக்குப் பல் டாக்டர்கிட்ட போயிட்டு நேரா காபிக்குத்தான் வந்தாரு. பாதி வாய் மரத்துப்போய், கேக்கைச் சட்டைக்கு ஊட்டினாரு பாவம்."

"போன்ல சொல்லியிருக்கலாமே?"

"மரத்த வாயோடயா?" என்றாள் ஃபென்னா. "காபி வேணும்னு அவர் கேட்டதே எனக்குப் புரியலை."

"எவர்ட் அறையை விட்டு வெளிய வரவே இல்லையா?"

ஃபென்னா தொண்டையைச் செருமினாள். "வந்தாரு. ஒரே ஒரு தடவை. அதோ அங்க." அவள் காட்டிய இடத்தில் குறுகலான ஒரு கதவு இருந்தது. கழிப்பறை. "இருபது நிமிஷம். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, ஏன்னா எனக்கும் அவசரம். இந்த மாடிக்கு இது ஒண்ணுதான்."

"கையில ஏதாவது கொண்டுபோனாரா?"

"கட்டுரையை. எங்க ஊர் ஆம்பளைங்க வெறுங்கையோட என்னிக்கு அங்க போயிருக்காங்க? வெளிய வரும்போது மூஞ்சி பீட்ரூட் மாதிரி இருந்துது."

"மலச்சிக்கல்," என்றார் கெர்பென். "கேஸ் முடிஞ்சுது."

ரென்ஸ்கே சிரிக்கவில்லை. மூன்று நாளாக அவள் கீழே இருக்கும் விருந்தாளிக் கழிப்பறைக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். அந்தக் குறுகலான கதவை இன்றுவரை திறந்ததில்லை. கட்டுரைப் பிரதியைக் கெர்பெனிடமிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். மூடியின் மேல் உட்கார்ந்தாள். எவர்ட் பார்த்ததைத்தான் பார்க்க வேண்டும்.

வலது பக்கம் கை கழுவும் தொட்டி. இடது பக்கம் காகிதச் சுருள். எதிரே, கண்ணுக்கு நேராக, அந்த ஊரில் எல்லா வீட்டுக் கழிப்பறையிலும் தொங்குவதுபோல ஒரு பிறந்தநாள் நாள்காட்டி. மாதத்துக்கு ஒரு தாள், வருஷம் கிடையாது, கிழமை கிடையாது, தேதிக்கு நேரே பெயர்கள் மட்டும். நவம்பர் தாள் மேலே இருந்தது. அவள் அதைத் தூக்கி அக்டோபருக்குப் புரட்டினாள்.

இருபத்தேழாம் தேதிக்கு நேரே பென்சிலில் எழுதியிருந்தது: யிக்கே.

மடியில் கிடந்த கட்டுரையின் தலையில் அச்சாகியிருந்தது: 2710/3.

இருபத்தேழு. பத்தாம் மாதம். அவளுடைய மூன்றாவது கட்டுரை.

யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அந்த எண்ணே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. பெயரை மறைத்தவர்கள் எண்ணை மறைக்கவில்லை. எவர்ட் யிக்கேயின் பிறந்தநாளன்று இதே இடத்தில் உட்கார்ந்து, ஒரு கண்ணைக் காகிதத்திலும் ஒரு கண்ணைச் சுவரிலும் வைத்திருக்கிறார்.

ரென்ஸ்கே துள்ளி எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. இந்த எண் கட்டும் முறை அவளுக்குத் தெரியும். நாள், மாதம், கோடு, எத்தனையாவது கட்டுரை. துப்பறிய வருவதற்கு முன்னால், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு, லேவார்டனில் ஒரு நூலகத்தில் வேலை பார்த்தபோது அவளேதான் அதை எழுதிக் கொடுத்தாள்.

அன்று மேஜையைச் சுற்றிப் பத்துப் பேர். கணினிப் பிரிவிலிருந்து வந்த வௌட்டர் என்ற அமைதியான மனிதர் சொன்னார், "எண்ணுக்குள்ள ஒண்ணும் வைக்காதீங்க. வெறும் எண்ணா இருக்கட்டும். உள்ள ஏதாவது வச்சா, அது என்னிக்காவது பேசும்." ரென்ஸ்கே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள், "அப்போ மனுஷங்களை உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி எண்ணச் சொல்றீங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். அவர் காபியில் சர்க்கரையைக் கலக்க ஆரம்பித்தார். ஆய்வாளர் யாருக்கும் மறக்காத எண் அவரவர் பிறந்தநாள், அதையே போடலாம் என்று அவள் சொன்னாள். அவளுக்குப் பூங்கொத்து கொடுத்தார்கள். அக்கம்பக்கத்துச் சின்ன ஆய்வகங்களும் அந்த முறையை வாங்கிக்கொண்டன என்று பிற்பாடு யாரோ சொன்னது ஞாபகம். எந்தெந்த ஆய்வகங்கள் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்று நாளாக அந்த எண்ணைக் கூடவே வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறாள். நாற்பது தடவை பார்த்திருப்பாள். தான் பெற்றதையே அடையாளம் தெரியாமல் ஒரு வயதான மனிதரை மாட்டிவிட்டாள். வெட்கத்தில் முகம் எரிந்தது. தண்ணீரைத் திறந்து முகத்தில் அடித்துக்கொண்டாள்.

"மேடம்! உள்ளயே குடித்தனம் வச்சுட்டீங்களா?"

கதவைத் திறந்து நாள்காட்டியைக் காட்டினாள். கெர்பென் ஐந்து வினாடி பார்த்தார். அப்புறம் தொடையைத் தட்டினார்.

"அடப் பாவி மனுஷா! துப்பறியறதுக்கு நமக்கு ஆபீஸ் வேண்டாம் மேடம், இது ஒண்ணு போதும்."

"யிக்கே பேர் ஏன் பென்சில்ல இருக்கு?" ரென்ஸ்கே ஃபென்னாவைக் கேட்டாள். வேறு எதையாவது கேட்டால் போதும் போலிருந்தது.

"ஒப்பந்தத்துல இருக்கறவங்களைப் பென்சில்லதான் எழுதுவோம். நிலைச்ச பிறகுதான் பேனா."

கெர்பென் அதற்குள் அலமாரிக்கு ஓடி நாலு கட்டுரைகளை அள்ளி வந்தார். ஒவ்வொரு எண்ணாகப் படித்தார், ஃபென்னா நாள்காட்டியைப் புரட்டினாள். நாலும் பொருந்தின. எவர்ட்டின் எண் 1402. "காதலர் தினம்! அதான் தன் மேலயே அவ்வளவு காதல்." பிறகு, சீட்சேயின் அலமாரியிலிருந்து பழுப்பேறிய ஒரு சின்னக் கையேட்டை உருவினார். "இந்த முறையை எழுதின மேதாவி யாருன்னும் பாத்துடுவோம்."

ரென்ஸ்கே கையை நீட்டினாள், கெர்பென் அதற்குள் அட்டையைத் திருப்பிவிட்டார்.

"நூலகத்தோட பேர் இருக்கு. எழுதினவர் பேர் இல்லை. இதுவும் பெயரில்லாத கட்டுரைதான், மேடம்."

பெயர் இல்லை. ஒரு கணம் அவளுக்கு மூச்சு லேசானது. யாரோ ஒரு நூலகம், எப்போதோ போட்ட முறை என்று சொல்லிவிடலாம். அதில் ஒரு பொய்யும் கிடையாது. சீட்சே தப்பிப்பார், யிக்கேக்கு நியாயம் கிடைக்கும், அவளும் தன் பாட்டுக்குப் போகலாம். யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

கெர்பென் முதல் பக்கத்தின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு நின்றுவிட்டது. அவர் பேச்சு நிற்பதை அவள் அதுவரை கேட்டதில்லை. மெதுவாகப் படித்தார்:

"0702/1."

தன் முறையின் முதல் எண்ணைத் தன் கையேட்டுக்கே பெருமையாகப் போட்டுக்கொண்டிருந்தாள். ஏழு பிப்ரவரி.

"போன பிப்ரவரி ஏழுக்கு நான்தான் கேக் வாங்கிட்டு வந்தேன்," என்றார் கெர்பென். "பாதி நானே தின்னேன்."

"கெர்பென்..."

"நான் தபால்காரன், மேடம். அடுத்தவங்க கடுதாசியைப் பிரிச்சுப் படிக்கற பழக்கம் இல்லை. விலாசத்துல கொண்டுசேர்க்கறதோட என் வேலை முடிஞ்சுது." கையேட்டை மூடி அவள் கையில் கொடுத்தார். "மணி மூணாக இன்னும் நாலு நிமிஷம்."

கூட்ட அறையில் வாரியத் தலைவி, எவர்ட், யிக்கே. மேஜையின் கோடியில் சீட்சே. அவர் முன்னால் ராஜினாமாக் கடிதமும் மூடி கழற்றிய பேனாவும் இருந்தன.

"பேனாவை மூடுங்க, சார்," என்றாள் ரென்ஸ்கே.

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "பேரை வெளிய சொன்னது யாருன்னு தெரிஞ்சுதா?"

"யாரும் சொல்லலை. என் அறிக்கை தப்பு." கட்டுரையை மேஜையில் வைத்தாள். பக்கத்தில், நாள்காட்டியிலிருந்து கழற்றி வந்த அக்டோபர் தாளை வைத்தாள். எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தலைவி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார், பிறகு எவர்ட்டைப் பார்த்தார்.

எவர்ட்டின் முகம் ஃபென்னா சொன்ன நிறத்துக்கு வந்தது. "நான் படிச்சேன். அவ்வளவுதான். கண்ணு முன்னாடி இருக்கறதைப் படிக்கறது குத்தமா?"

"இல்லை. கழிப்பறையில தெரிஞ்சுதுன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, சீட்சே சாரைத் தனி மேஜையில உக்காரவிட்டுப் பாத்துட்டு இருந்தீங்களே, அது குத்தம்."

சீட்சே பேனாவை மூடினார். மூடி இரண்டு தடவை நழுவியது.

"இப்படி ஒரு எண்ணை எந்த முட்டாள் வச்சான்?" என்றார் தலைவி.

ரென்ஸ்கே கையேட்டை நீட்டினாள். "முட்டாள் இல்லைங்க, முட்டாள்தான்... நான்." நாக்கு குழறியது. திரும்பச் சொன்னாள். "நான்தான் எழுதினேன். வேண்டாம்னு ஒருத்தர் சொன்னாரு. அவரை எல்லார் முன்னாடியும் கேலி பண்ணேன். என்னால யிக்கேக்கு வேலை போச்சு. என்னால இவருக்கும் போயிருக்கும். எனக்குத் தர வேண்டிய கூலியை நீங்க தர வேண்டாம்."

யிக்கே முதலில் பேசினாள்.

"அந்த எண்ணை மாத்த முடியுமா?"

"முடியாது," என்றார் சீட்சே, ரென்ஸ்கேக்குப் பதிலாக. "ஏற்கெனவே ரெண்டு கட்டுரையில மேற்கோள் காட்டியாச்சு. ஆய்வகமே மூடினாலும் அது இருக்கும்."

"நான் செத்தாலும்?"

"செத்தாலும்."

யிக்கே ஜன்னல் பக்கம் பார்த்தாள். அங்கே அணையின் புல் தெரிந்தது, அதன் மேல் ஆடுகள். திரும்பியபோது அவள் கண் நேராக எவர்ட் மேல் இருந்தது.

"அப்போ மேல என் பேரைப் போட்டுடுங்க, மாமா. முழுப் பேரும். இவ்வளவு தூரம் வந்த பிறகு எதுக்கு ஒளியணும்? களிமண் பத்தலைன்னு எழுதினவளை எதுக்கு வீட்டுக்கு அனுப்பறீங்கன்னு ஊர் கேக்கட்டும்."

சீட்சே கணினியைத் தன் பக்கம் இழுத்தார். எண்ணை மாற்ற முடியாது, பெயர் போட ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷமும் எவர்ட் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜனவரி மாதப் பணியாளர் பட்டியலில் யிக்கேயின் பெயர் இருக்கும் என்று தலைவி அவரிடமே குறித்துக்கொள்ளச் சொன்னார். அணைக்கு வேறு ஆட்களை அனுப்பித் தோண்டிப் பார்க்கப்போவதாகவும் சொன்னார்.

வெளியே நடைபாதையில் யிக்கே ரென்ஸ்கேயை வழிமறித்தாள்.

"மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க."

"நினைக்கலை."

"பிப்ரவரி ஏழுதானே?"

ரென்ஸ்கே தலையசைத்தாள். யிக்கே அக்டோபர் தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, சீட்சேயின் பேனாவோடு அந்தக் குறுகலான கதவுக்குள் போனாள். இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்தாள். பேனாவை சீட்சேயிடம் கொடுத்துவிட்டு யாரையும் பார்க்காமல் படியிறங்கினாள்.

"போய்ப் பாருங்க, மேடம்," என்றார் கெர்பென். "எனக்குப் போகத் தைரியம் இல்லை."

ரென்ஸ்கே உள்ளே போனாள். அக்டோபர் தாள் பழைய இடத்தில் மாட்டியிருந்தது. இருபத்தேழுக்கு நேரே பென்சில் எழுத்தின் மேலேயே பேனாவால் எழுதியிருந்தாள். பிப்ரவரியைப் புரட்டினாள். ஏழுக்கு நேரே அவளுடைய பெயர், அதே பேனாவில், அழுத்தி. பக்கத்தில் ரென்ஸ்கேயின் தொலைபேசி எண்ணும், 'வருஷா வருஷம் கேட்க வேண்டும்: எத்தனை பேரை எச்சரித்தீர்கள்?' என்று ஒரு வரியும்.

இந்த ஆய்வகத்தில் பதினாலு பேர். லேவார்டனைச் சுற்றி அந்த முறையை வாங்கிக்கொண்ட ஆய்வகங்கள் எத்தனை என்று அவளுக்குத் தெரியாது. ரென்ஸ்கே பெப்பர்மின்ட்டை வாயில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

"சைக்கிளை எடுங்க, கெர்பென். முதல்ல வௌட்டர்னு ஒருத்தரைப் பாக்கணும். பன்னிரண்டு வருஷமா அவர்கிட்ட ஒண்ணு சொல்ல வேண்டியிருக்கு."